கராச் கேள்வி பதில்: ஸ்ரேரிங் ஆட்டம்

இந்த மாசம் வந்த கேள்வியளில முக்கால்வாசி ஒரே வருத்தம்தான், ஸ்ரேரிங் ஆடுது எண்டு. காரணம் ரோட்டு. கிடங்கும் கிரவலுமா கிடந்த காலத்தில இருபது மைலுக்கு மேல ஆரும் ஓடேல்ல, அந்த வேகத்தில ஸ்ரேரிங் வளையம் ரெண்டு அங்குலம் சும்மா சுத்தினாலும் ஆருக்குத் தெரியப்போகுது, இப்ப ஏ9 காபெற் போட்டு ஓமந்தையில இருந்து ஆனையிறவு மட்டும் நூல் பிடிச்ச மாதிரிக் கிடக்க, முந்தி மறைஞ்சு கிடந்த ஆட்டமெல்லாம் வெளிய வருது. அதால இந்த முறை மற்றக் கேள்வியளை ஒதுக்கி வைச்சிட்டு இதை மட்டும் எழுதுறன். கார்புரேற்றர் கேட்ட ஆக்கள் கோவிக்காதேங்கோ, அடுத்த மாசம் பாப்பம்.

கேள்வி (ஒட்டுசுட்டான் வாசகர்): என்னட்ட அப்பா காலத்து ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ் ஏ-60 ஒண்டு நிக்குது. ஊருக்குள்ள ஓடேக்க கரைச்சலில்லை. ஏ9ல ஏறி அறுபதுக்கு மேல போனா கார் தன்ர பாட்டுக்கு இடமும் வலமும் இழுக்குது, ஆனையிறவில காத்துக்குக் கையில நிக்காது. இஞ்ச ஒராள் ஸ்ரேரிங் பெட்டிக்கு மேல இருக்கிற ஸ்குரூவை இறுக்கிவிட்டார். ஆட்டம் குறைஞ்சது உண்மை, ஆனா இப்ப வளைவில திருப்பினா ஸ்ரேரிங் தானா நேருக்குத் திரும்பி வருகுதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: அண்ணை, முதல் வேலை, அந்த ஸ்குரூ இறுக்க முந்தி எங்க நிண்டுதோ அங்கயே திருப்பி விடுங்கோ. நாளைக்கு எண்டு வைக்காதேங்கோ, இண்டைக்கே. ஸ்ரேரிங் திரும்பி வராத காரோட ஏ9ல ஏறுறது சரியான ஆபத்து, எதிர்ல பஸ் வரேக்க ஒரு சின்ன வெட்டு வெட்டினாலும் கார் வெட்டின பக்கமே போய்க்கொண்டிருக்கும்.

ஏன் இப்பிடி வருது எண்டா, உங்கட பெட்டிக்குள்ள புரி வெட்டின ஒரு கேம் இருக்கு, அந்தப் புரிக்குள்ள ஒரு பெக் ஓடும். கார் அநேகமான நேரம் நேராத்தானே ஓடினது, அப்ப பெக் கூடுதலா நிண்டது நடுவில, தேய்ஞ்சதும் நடுவிலதான். ரெண்டு கரையும் வடிவா அப்பிடியே கிடக்கும். நடுவில இருக்கிற தேய்மானத்தை ஸ்குரூவால பிடிக்க வெளிக்கிட்டா, பெக் கரைக்கு வரேக்க இடம் காணாமல் கடிக்கும். அதுதான் உங்களுக்கு நடந்தது. அந்த ஸ்குரூ ஒரு சின்னத் திருத்தத்துக்கு இருக்கிறது, அறுபது வருசத் தேய்மானத்தை அதால மறைக்க ஏலாது.

என்ர கராச்சில நான் பெடியளுக்குச் சொல்லுறது ஒண்டுதான், ஆட்டம் எங்க எண்டு கண்டுபிடிக்காமல் ஸ்பனரை எடுக்கக் குடாது, பெட்டியில கை வைக்கிறது கடைசி. கண்டுபிடிக்கிறதுக்கு ஒரு சாமானும் வேண்டாம், ரெண்டு பேர் காணும். காரை ஜக் அடிக்காமல் சமதரையில நாலு சில்லும் நிலத்தில நிக்கிற மாதிரி விடுங்கோ, எஞ்சின் நிப்பாட்டி இருக்கட்டும். ஒராள் சீற்றில இருந்து ஸ்ரேரிங்கை அங்கால இஞ்சால சின்னனா ஆட்டவேணும், முன் சில்லு அசையத் தொடங்குற மட்டும்தான், அதுக்கு மேல வேண்டாம். மற்ற ஆள் கீழ படுத்து ஒவ்வொரு மூட்டையும் உள்ளங்கையால மூடிப் பிடிக்கவேணும், ஒரு பாதிக் கை ஒரு துண்டில, மற்றப் பாதி மற்றத் துண்டில. கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் கைக்கு டிக் டிக்கெண்டு தெரியும். பெட்டியில இருந்து வாற ஆம், நடுக் குறுக்குத் தடி, அந்தத் தடியின்ர மற்ற நுனியைத் தாங்கிற இடப்பக்கத்து ஐட்லர், பிறகு ரெண்டு கரையிலயும் சில்லைத் திருப்புற தடியளின்ர நுனி மூட்டான ரை ரொட் என்டுகள், இந்த வரிசையில போங்கோ. பெட்டியை செஸியோட பூட்டின போல்டையும் விடாதேங்கோ, சில காரில பெட்டி நல்லாத்தான் இருக்கும், பெட்டி முழுக்க செஸியில நிண்டு ஆடும், இதைப் பாக்காமலே எத்தினை பெட்டி கழட்டிப் பூட்டினவை எண்டு எனக்குத் தெரியும்.

அதுக்குப் பிறகுதான் ஜக். ஒரு முன் சில்லைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தா ஒராளை பிரேக்கை மிதிக்கச் சொல்லுங்கோ. பிரேக் மிதிச்ச உடன ஆட்டம் நிண்டா அது சில்லுப் பெயாரிங், மிதிச்சும் ஆடினா அது கிங் பின், சில்லு இடமும் வலமும் திரும்புற அச்சு. உந்தக் காருகளில பத்துக்கு ஏழு எட்டு கிங் பின்னாத்தான் இருக்கும் எண்டு என்ர அனுபவம், ஏனெண்டா கிறீஸ் அடிக்கிற ஆக்கள் சில்லு நிலத்தில நிக்கேக்கயே நிப்பிளில கன்னை வைச்சு அடிச்சிட்டுப் போறவை, பாரம் ஏறின பக்கத்துக்கு கிறீஸ் போகாது, மற்றப் பக்கத்தால பிதுங்கி வழியும், பாக்கிறவனுக்கு வேலை முடிஞ்ச மாதிரி இருக்கும். சில்லைத் தூக்கிவைச்சு அடிக்கவேணும். கிங் பின் புஸ் மாத்தினா புஸ்ஸை அடிச்சு ஏத்திறதோட வேலை முடியாது, றீமர் (ஓட்டை கடையிற கருவி) விட்டு கிங் பின்னுக்கு அளவாக் கடையவேணும், இல்லாட்டி ஸ்ரேரிங் கல்லாட்டம் இறுகும். றீமர் இல்லாத இடத்தில உந்த வேலையைக் குடுக்காதேங்கோ.

ஒயிலையும் பாருங்கோ. 90களில பெற்றோல் வராமல் மண்ணெண்ணெயில ஓடின காருகள் இதுகள், எஞ்சினுக்கே ஒயில் தேடி அலைஞ்ச காலத்தில ஸ்ரேரிங் பெட்டிக்கு ஆர் விட்டவை. கன பெட்டி காஞ்சு கிடக்கும், இல்லாட்டி ஒயில் ஒழுகுது எண்டு ஆரோ கிறீஸை அடைச்சு விட்டிருப்பினம். கிறீஸ் பெக் ஓடுற பாதையில இருந்து ஒதுங்கிக் கரையில போய் நிண்டிடும், திரும்பி வராது. 90 நம்பர் கியர் ஒயில்தான் சரி. ஐட்லருக்கும் ஒயில் விட மேல ஒரு மூடி இருக்கும், மண் பிடிச்சு மூடிக் கிடக்கும், சுரண்டித் தேடுங்கோ.

இதெல்லாம் செய்தாலும் சோளகம் பெலத்த நாளில ஆனையிறவில உங்கட கார் கொஞ்சம் அசையத்தான் செய்யும். ரெண்டு பக்கமும் வெறும் தரவையும் கடல் தண்ணியும், மறைப்பெண்டு ஒண்டுமில்லை. அதில மெதுவாப் போங்கோ.

இன்னுமொண்டு, காருக்குக் கீழ படுக்கிறதெண்டா சீமெந்துக் கல்லில காரை வைக்காதேங்கோ. ஓட்டைக் கல்லு சொல்லிக்கொண்டு உடையாது. ஸ்ராண்ட் இல்லாட்டி நல்ல காஞ்ச பனங்குத்தி ரெண்டு போடுங்கோ.

கேள்வி (ஸ்காபரோ, கனடா. சொந்த இடம் கிளிநொச்சி): அண்ணை, 1969 செவர்லே ஷெவெல் ஒண்டு ஆசைக்கு வாங்கினன், வி8, பவர் ஸ்ரேரிங் இல்லாதது. நேர ஓடேக்க ஸ்ரேரிங்கை ரெண்டு மூண்டு அங்குலம் ஆட்டினாலும் கார் ஒண்டும் கேக்குதில்லை. ஹைவேயில ஏத்தப் பயமாக் கிடக்கு. கராச்சில கேட்டா முழுப் பெட்டியையும் மாத்தச் சொல்லுறாங்கள். பெட்டிதான் பிழையெண்டு எப்பிடித் தெரிஞ்சுகொள்ளுறது? நானே செய்யலாமோ?

பதில்: தம்பி, ஷெவெல் ஒண்டும் எங்கட பக்கம் வந்து நான் காணேல்ல, ஆனா பெட்டி தெரிஞ்ச பெட்டி. ஜெனரல் மோட்டர்ஸ்காரர் தங்கட சாகினோ பகுதியில செய்தது. உள்ளுக்க ஒரு புரித் தண்டு, அதில ஏறி இறங்குற ஒரு நட்டு, ரெண்டுக்கும் இடையில பெயாரிங் குண்டுகள் உருண்டு சுத்தி வந்துகொண்டிருக்கும், அந்த நட்டின்ர பல்லு கீழ இருக்கிற தண்டைத் திருப்பும், அந்தத் தண்டிலதான் பெட்டிக்கு வெளிய நிக்கிற பிட்மன் ஆம் பூட்டியிருக்கு. இஞ்ச பழைய ஹைலக்ஸிலயும் எல்ஃப் லொறியிலயும் நாங்கள் கழட்டிப் பூட்டுறதும் இந்தக் குடும்பம்தான். அதால தைரியமாச் சொல்லுறன், பெட்டியை மாத்தக் காசு குடுக்காதேங்கோ, இப்போதைக்கு.

ஒரு கணக்கு சொல்லுறன், அது விளங்கினா மிச்சம் விளங்கும். பவர் இல்லாத உந்தப் பெட்டியள் 24க்கு 1 எண்ட கணக்கில வந்தது, அதாவது ஸ்ரேரிங்கை 24 பாகை திருப்பினாத்தான் பிட்மன் ஆம் ஒரு பாகை திரும்பும். பவர் இல்லாமல் அந்தப் பாரமான காரைத் திருப்ப அந்தளவு குறைப்பு வேணும். இப்ப மறுபக்கமா யோசியுங்கோ. கீழ இருக்கிற ஏதோ ஒரு மூட்டில ஒரு பாகை அளவுக்கு மட்டும் தேய்மானம் இருந்தா, அந்த ஒரு பாகையை எடுக்க நீங்கள் மேல 24 பாகை சும்மா சுத்தவேணும். 16 அங்குல வளையத்தில அது மூண்டே கால் அங்குலத்துக்குக் கொஞ்சம் மேல. நீங்கள் சொல்லுற ரெண்டு மூண்டு அங்குலம் இதுக்குள்ளயே வந்திடும். கீழ கண்ணுக்குத் தெரியாத ஆட்டம் மேல பெரிசாத் தெரியிறது இதாலதான், பெட்டி பழுதெண்டு எல்லாரும் நினைக்கிறதும் இதாலதான். ஆனா பெட்டிக்கு மேல, ஸ்ரேரிங் தண்டில இருக்கிற ஆட்டம் அப்பிடிப் பெருகாது, அங்க ஒரு பாகை எண்டா வளையத்திலயும் ஒரு பாகைதான்.

சரி, எங்க தொடங்கிறது. பொனற்றைத் திறந்து ஸ்ரேரிங் தண்டு பெட்டிக்குள்ள போற இடத்தைப் பாருங்கோ, ரெண்டு இரும்புத் துண்டுக்கு நடுவில றபரும் துணியும் சேர்ந்த ஒரு வட்டத் தட்டு இருக்கும். எஞ்சின் ஒயில் பட்டுப் பட்டு இது ஊறிக் கிழிஞ்சு போகும். ஒராள் ஸ்ரேரிங்கை ஆட்ட, மேல் துண்டு திரும்பி கீழ்த் துண்டு பிந்தித் திரும்பினா ஆள் அகப்பட்டான். அந்தத் தட்டைத் தனியா வாங்கலாம், அரை நாள் வேலை. எந்த போல்ட் எந்த ஓட்டையில இருந்தது எண்டு கழட்ட முந்திப் படம் எடுத்து வையுங்கோ.

அது நல்லா இருந்தா, மேல ஒட்டுசுட்டான் அண்ணைக்குச் சொன்ன மாதிரி ஒராள் ஆட்ட ஒராள் கீழ படுத்துக் கை வைச்சுப் பாக்கிற வேலைதான். அதை எழுத்தெழுத்தா திருப்பிச் சொல்லேல்ல, ஆனா உங்கட காரில ஒரு மூட்டுக்குத் தனிக் கவனம் வேணும், வலப்பக்கத்து ஐட்லர் ஆம். உங்கட நாட்டில ஸ்ரேரிங் இடப்பக்கம், அதால ஐட்லர் வலப்பக்கம். நடுத்தடியின்ர ஒரு நுனியைப் பிட்மன் பிடிக்க மற்ற நுனியை இது தாங்கி நிக்குது. இது பக்கவாட்டில ஆடாது, மேலயும் கீழயும் ஆடும், அதால ஸ்ரேரிங்கை ஆட்டிப் பாக்கேக்க தப்பிடும். நடுத்தடியை ஐட்லருக்குக் கிட்டப் பிடிச்சு மேல தள்ளுங்கோ, கீழ இழுங்கோ, முழுப் பலத்தோட வேண்டாம், ஒரு பத்துப் பன்னிரண்டு கிலோ தூக்கிற பலம் காணும். மேல எட்டிலொரு அங்குலம், கீழ எட்டிலொரு அங்குலம், அதுக்கு மேல போனா மாத்தவேணும். நடுத்தடி மேல கீழ போகேக்க ரை ரொட்டின்ர கோணம் மாறி சில்லு தன்ர பாட்டில திரும்பும், ரோட்டில சின்ன மேடு பள்ளம் வரேக்க கார் அலையிறது இதாலதான். என்னைக் கேட்டா, உந்த மாதிரிக் காரில ஒரே ஒரு சாமான் வாங்கக் காசிருந்தா ஐட்லரைத்தான் வாங்குவன்.

பிறகு போல் ஜொயின்ற், சில்லையும் அதைத் தாங்கிற மேல் ஆம் கீழ் ஆமையும் இணைக்கிற குண்டு மூட்டு. இதைச் சோதிக்கேக்க ஜக் எங்க வைக்கிறது எண்டதுதான் விசயம். உங்கட ஷெவெலில கொயில் ஸ்பிரிங் கீழ் ஆமில நிக்குது, அதால கீழ் ஆமுக்குக் கீழ, சில்லுக்குக் கிட்டவா ஜக்கை வைச்சுத் தூக்கவேணும், அப்பத்தான் கீழ் போல் ஜொயின்ற்றை விட்டுப் பாரம் விலகி ஆட்டம் தெரியும். செஸியில வைச்சுத் தூக்கினா ஸ்பிரிங் ஆமை இறுக்கிப் பிடிச்சிருக்கும், பழுதானதும் நல்லது மாதிரிக் காட்டும். அதே காலத்து மஸ்ராங்கில ஸ்பிரிங் மேல் ஆமில இருக்கு, அதுக்கு வேற மாதிரி. கூட்டாளியள் ஆரும் மஸ்ராங் வைச்சிருந்து தங்கட முறையை உங்களுக்குச் சொல்லித் தந்தா கேட்டுக்கொண்டு விடுங்கோ.

சில்லுப் பெயாரிங்கையும் பாருங்கோ. சில்லைச் சுத்திக்கொண்டு நட்டைக் கொஞ்சம் இறுக்கி, பேந்து தளர்த்தி, கை விரலால இறுக்கின அளவில விட்டுக் கொட்டர் பின் போடுறது. பின் புதுசாப் போடுங்கோ. இஞ்ச சைக்கிள் கம்பியை வளைச்சுப் போட்டிருக்கிறதெல்லாம் கண்டிருக்கிறன், அது சனம் சாமானில்லாமல் இருந்த காலத்துப் பழக்கம், கனடாவில நிண்டுகொண்டு நீங்கள் செய்யத் தேவையில்லை.

இவ்வளவும் நல்லா இருந்து ஆட்டம் மட்டும் மிச்சமெண்டா, அப்ப பெட்டி. அதிலயும் மாத்த முந்தி அளவு வைக்கலாம். பெட்டியில ரெண்டு இடத்தில சரிப்படுத்தலாம், இந்த வரிசைதான் முக்கியம். ஒண்டு, தண்டின்ர நுனியில பெரிய லொக் நட்டோட இருக்கிறது, அது உள் தண்டின்ர பெயாரிங்கை இறுக்கிறது. மற்றது மூடியில இருக்கிற சின்ன ஸ்குரூ, அது பல்லும் பல்லும் எவ்வளவு கிட்டக் கடிக்கவேணும் எண்டதுக்கு. எல்லாரும் நேர சின்ன ஸ்குரூவுக்குத்தான் ஓடுறது, கைக்குக் கிட்ட இருக்கிறபடியால். பெயாரிங் லூசா இருக்கேக்க சின்ன ஸ்குரூவை இறுக்கினா, தண்டு முன்னுக்குப் பின்னுக்கு ஓடிக்கொண்டே இருக்கும், பல்லு மட்டும் தேயும். முதல் பெயாரிங், பிறகு பல்லு.

அளவு வைக்கேக்க பெட்டிக்குக் கீழ ஒண்டும் பூட்டியிருக்கக் குடாது, அப்பத்தான் உள்ளுக்க நடக்கிறது கைக்குத் தெரியும். பிட்மன் ஆமைப் புள்ளர் போட்டுத்தான் கழட்டவேணும், சுத்தியலால தண்டில அடிச்சா அடி நேர உள் பெயாரிங்குக்குப் போகும். கழட்டின பிறகு ஸ்ரேரிங்கை ஒரு கரையில இருந்து மற்றக் கரை மட்டும் மெல்லத் திருப்பி எத்தினை சுத்து எண்டு எண்ணுங்கோ, பாதிக்கு வாங்கோ, அதுதான் நடு. கரையில கொண்டுபோய் டக்கெண்டு இடிக்கவேண்டாம், தடுக்கிறதுக்குக் கீழ ஒண்டும் இல்லாத நேரம் குண்டு ஓடுற குழாய் நசுங்கும். பெயாரிங்கை நடுவில இருந்து ஒதுக்கமா வைச்சு இறுக்கவேணும், ஏனெண்டா நடுவில பல்லு கூடக் கடிக்கும், அது உங்களை ஏமாத்தும். பல்லின்ர ஸ்குரூவை நடுவில வைச்சுத்தான் இறுக்கவேணும், கரையில வைச்சு இறுக்கினீங்கள் எண்டா நடுவுக்கு வரேக்க அப்பிடியே பிடிச்சிடும். ஸ்குரூ டிரைவரை அசையாமல் பிடிச்சுக்கொண்டு லொக் நட்டைப் பூட்டுங்கோ. சரியா வைச்ச பெட்டி கரையில லேசா ஓடும், நடுவைத் தாண்டேக்க மட்டும் ஒரு சின்னப் பாரம் கைக்குத் தெரியும். எவ்வளவு பாரம் எண்டதுக்கு உங்கட வருசத்துக் கார்ப் புத்தகத்தில அளவு போட்டிருக்கும், சின்ன அளவெடுக்கிற டோர்க் ரெஞ்ச் வாங்கி அதுக்கு வையுங்கோ. அளவுக்கு வைச்ச பிறகும் திருப்பேக்க கறகறவெண்டு கைக்குப் பட்டா உள்ளுக்க குண்டோட பாதை பொரிஞ்சுபோச்சு, அப்ப கராச்காரர் சொன்னது சரி, பெட்டியை மாத்துங்கோ.

நீங்கள் கேக்காத ஒண்டு. கார் அலையிறதெல்லாம் லூசால இல்லை. அந்தக் காலத்தில பவர் இல்லாத காரை லேசாத் திருப்பவேணும் எண்டு காஸ்ரர் கோணத்தை, அதாவது சில்லு திரும்புற அச்சு பின்னுக்குச் சாஞ்சு நிக்கிற கோணத்தை, பூச்சியத்துக்குக் கிட்ட, சில நேரம் அதுக்கும் கீழ வைச்சவை, ரயரும் வேற மாதிரி. இப்ப நீங்கள் ரேடியல் ரயர் போட்டிருப்பியள். எலைமன்ற் செய்யிற இடத்தில பழைய அளவுக்கே வைச்சா காருக்குத் தானா நேர நிக்கிற குணம் வராது. காஸ்ரரைக் கொஞ்சம் கூட்டி வைக்கச் சொல்லுங்கோ, நிப்பாட்டி வைச்சுத் திருப்பேக்க கொஞ்சம் பாரமா இருக்கும், ஓடேக்க நேரா நிக்கும். பவர் இல்லாத காரில ரெண்டும் முழுசாக் கிடைக்காது. எலைமன்ற் முடிய ஸ்ரேரிங் வளையம் கோணலா நிண்டா, வளையத்தைக் கழட்டித் திருப்பிப் பூட்ட விடாதேங்கோ. பெட்டி நடுவில நிக்கேக்கத்தான் கார் நேர ஓடவேணும், ரெண்டு ரை ரொட்டின்ர குழாயையும் ஒரே அளவாத் திருப்பி வளையத்தை நேருக்குக் கொண்டுவாறதுதான் முறை. வளையத்தைத் திருப்பிப் பூட்டினா பாக்க வடிவா இருக்கும், பெட்டி ஒரு கரையில நிண்டு ஓடும், அந்த ஆட்டம் பிறகு என்ன செய்தாலும் போகாது.

கேள்வி (புதுக்குடியிருப்பு வாசகர்): கலியாணத்துக்கு வாடகைக்கு விடுற மொறிஸ் மைனர், ஸ்ரேரிங்கில ஆட்டம் இல்லை, ஆனா கிடங்கில விழேக்க முன்பக்கம் கடக் கடக்கெண்டு சத்தம். ஸ்ரேரிங் பெட்டியோ?

பதில்: மைனருக்கு அந்த மாதிரிப் பெட்டியே இல்லை அண்ணை, அது ரக் அண்ட் பீனியன், பல்லு வெட்டின தடியை ஒரு சின்னப் பல்லுச் சில்லு நேர தள்ளுறது, 1948 முதல் கார் வரேக்கயே அப்பிடித்தான் வந்தது, ஆட்டம் இல்லாமல் இருக்கிறதுக்கும் அதுதான் காரணம். ஆனா அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கேல்ல. சில்லுக்குப் பின்னால கீழ ஒரு ட்ரனியன் இருக்கு, புரி வெட்டின தண்டில ஏறி நிக்கிறது. கிறீஸ் போகாமல் அந்தப் புரி தேய்ஞ்சுகொண்டே வந்து ஒரு நாள் தண்டு கழண்டு வெளிய வரும், சில்லு மடிஞ்சு கார் முகங்குப்புற நிலத்தில இருக்கும். மைனர் வைச்சிருக்கிற ஆக்களைக் கேட்டுப் பாருங்கோ, ஒருத்தராவது இந்தக் கதை சொல்லுவார். பொம்பிளை மாப்பிளையை ஏத்திக்கொண்டு போற கார், அடுத்த வாடகைக்கு விட முந்திச் சில்லைத் தூக்கி மேல கீழ நெம்பிப் பாருங்கோ. ஆட்டம் இருந்தா ஓடாதேங்கோ. இல்லாட்டி கிறீஸ் மட்டும் அடியுங்கோ, ஆயிரம் மைலுக்கு ஒருக்கா, சில்லைத் தூக்கி வைச்சு. ரக்கின்ர ரெண்டு கரையிலயும் இருக்கிற றபர் கிழிஞ்சிருந்தா அதையும் மாத்துங்கோ, எங்கட பக்கத்துப் புழுதி உள்ளுக்கப் போனா ரக் கன நாள் தாங்காது.

கேள்வி (மல்லாவி வாசகி): எங்கட பிக்கப்பில ஸ்ரேரிங் ஆட்டமில்லை, எண்பதில மட்டும் நடுங்குது. கூடப் போனா நிக்குது. மழைக்குப் பிறகுதான் தொடங்கினது.

பதில்: தங்கச்சி, சில்லைக் கழட்டி உள்பக்கத்து ரிம்மைப் பாருங்கோ. சேறு காஞ்சு ஒரு பக்கத்தில ஒட்டிக் கிடக்கும். கழுவிப்போட்டு ஓடிப் பாருங்கோ, அநேகமா அதோட சரி. சரிவராட்டி வீல் பலன்ஸ். ஸ்ரேரிங்கில ஆரையும் கை வைக்க விடாதேங்கோ.

கேள்வி (வவுனியா வாசகர்): பழைய காருக்கு ஜப்பான் காரின்ர பவர் ஸ்ரேரிங் பூட்டலாமோ? திருப்பப் பாரமாக் கிடக்கு.

பதில்: பூட்டலாம், பூட்டின ஆக்களும் இருக்கினம். ஆனா முதல் ரயரில காத்தைப் பாருங்கோ, பாதிப் பேருக்கு அதோட பவர் ஸ்ரேரிங் ஆசை போயிடும். மற்றது கிறீஸ் காணாத கிங் பின். பிறர் காரின்ர பெட்டியைப் பூட்ட செஸியில வெட்டி வெல்டிங் பிடிக்கவேணும், அந்த வெல்டிங்கில உங்கட உயிர் தொங்குது, எனக்கு அது விருப்பமில்லை.

கேள்வி (அக்கராயன் வாசகர்): மெசி பெர்குசன் 135 உழவு மெசின். ரோட்டில பெட்டி இழுக்கேக்க ஸ்ரேரிங் அரைச் சுத்து சும்மா சுத்துது, வயலுக்குள்ள பரவாயில்லை. ஸ்ரேரிங் பெட்டி புதுசு வாங்கவேணுமோ?

பதில்: வாங்கவேண்டாம் ஐயா, இப்ப வேண்டாம். அந்த மெசினில பெட்டிக்கு ரெண்டு பக்கத்தாலயும் ஒவ்வொரு ஆம் இறங்கி, ஒவ்வொரு சில்லுக்கும் ஒவ்வொரு நீட்டுத் தடி போகுது. அப்ப போல் ஜொயின்ற் மட்டும் நாலு. அதில எது ஆடினாலும் ஸ்ரேரிங் சுத்தும், நாலும் கொஞ்சம் கொஞ்சம் ஆடினா அரைச் சுத்து தானா வந்திடும். வயலுக்குள்ள தெரியாததுக்குக் காரணம், சேறு சில்லைப் பிடிச்சு வைச்சிருக்கும். ஒராளை ஸ்ரேரிங்கை ஆட்டச் சொல்லி ஒவ்வொண்டாக் கை வைச்சுப் பாருங்கோ, ரெண்டு ஆமும் தண்டில பூட்டின நட்டையும் பாருங்கோ. ஒரு பக்கத்துச் சில்லு உடன திரும்பி மற்றது பிந்தித் திரும்பினா பிந்தித் திரும்புற பக்கத்திலதான் வருத்தம்.

பிறகு முன் அச்சைத் தூக்கி, நடுவில அச்சு ஊஞ்சலாடுற பின் இருக்கெல்லோ, அதையும் சில்லுத் தண்டு நிக்கிற புஸ்ஸுகளையும் நெம்பிப் பாருங்கோ. வரம்பு ஏறி இறங்கி இதுகள் தேயாமல் இருக்காது, முன் அச்சு முழுக்க முன்னுக்குப் பின்னுக்கு அசைஞ்சா ரோட்டில மெசின் பாம்பு மாதிரிப் போகும், ஸ்ரேரிங்கில எவ்வளவு செலவழிச்சும் பிரயோசனமில்லை. புஸ் கடையிறது பெரிய செலவில்லை. பின்னைக் கழட்டி இப்பவே லேத்துக்குக் குடுங்கோ, காலபோக உழவு தொடங்கினா லேத்துக்காரரைப் பிடிக்க ஏலாது.